ரோஹிங்யா படகு: இரண்டு பிழைகள்

தம்பி, முள்ளிவாய்க்காலில் கரை சேர்ந்த ரோஹிங்யாக்கள், அதாவது மியன்மாரின் முஸ்லிம் சிறுபான்மையினர், வேலை தேடி வந்தவர்கள், அவர்களுக்குச் சோறு கொடுத்து, திருப்பி அனுப்பாதே என்று பதாகை பிடிப்பவர்கள் அவர்களை இங்கே குடியேற்றப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே பிழை.

2024 டிசம்பரில் வந்த அந்தப் படகில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள், சின்னப் பிள்ளைகளும் நிறைய. வேலை தேடி யார் கைக்குழந்தையோடு வங்கக் கடலில் இறங்குவான்? மியன்மாரின் 1982 குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது, 2017 ஓகஸ்டில் இராணுவம் ஊர் ஊராக எரிக்கத் தொடங்கிய பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். ஆபிரிக்க நாடான காம்பியா மியன்மாருக்கு எதிராகப் போட்ட வழக்கில், இனப்படுகொலையிலிருந்து இவர்களைக் காக்கும்படி சர்வதேச நீதிமன்றம் 2020 ஜனவரியில் ஏகமனதாக உத்தரவிட்டது. அது இடைக்கால உத்தரவுதான், தீர்ப்பு அல்ல. இனப்படுகொலைக் குற்றம் அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது என்று உங்கள் பதிவின் கீழே கருத்து எழுதியவரும் கவனிக்கவும்.

சரி, குடியேற்றம். இலங்கை 1951 அகதிகள் சாசனத்தில் கையெழுத்தே போடவில்லை. ஐநா அகதிகள் முகவரகம் பதிவு செய்து மூன்றாவது நாடு ஒன்றுக்கு அனுப்புவதுதான் இங்கு இருந்துவந்த வழமை. திருப்பி மியன்மாருக்கு அனுப்பாதே என்று கேட்பதற்கும் இங்கே காணி கொடு என்று கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சித்திரவதை நடக்கும் இடத்துக்கு ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற ஐநா உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு தரப்பு.

2022 டிசம்பரிலும் வெற்றிலைக்கேணிக் கடலில் தத்தளித்த ரோஹிங்யாக்களைக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களால் இங்கே யாருடைய காணி போனது?

பதிவைத் திருத்துங்கோ. அப்புறம், அந்தப் பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தையும் எடுத்துவிடுங்கோ, மியன்மாரில் அவர்களின் ஊரில் மிச்சமிருக்கும் சொந்தங்களுக்கு ஆபத்து.