ரா வீடியோவாம், ரா வீடியோ! கேமராவின் சென்சார் தருவதைப் பதப்படுத்தாமல் அப்படியே பதிவதாம்.

2008-ல் வந்த கேனான் 50டி-யில் வீடியோ வசதியே கிடையாது. மேஜிக் லான்டர்ன் என்ற, கேனான் கேமராக்களுக்காக வெளியாட்கள் எழுதிய கூடுதல் மென்பொருளை ஏற்றினால் அதிலும் ரா வீடியோ எடுக்கலாம். அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அதிசயம் முழுசாக ஓட வேண்டாமா? குழந்தை சிரிக்கத் தொடங்கும் நேரம் பார்த்துத்தான் கார்டு திணறும், பதிவு நிற்கும். சத்தம்? மைக்கே இல்லாத கேமராவில் ஏது சத்தம்!

சரி, அதே மேஜிக் லான்டர்னோடு கேனான் 5டி மார்க் 3-க்குப் போனால்? 14 பிட், முழு எச்டி, 24 ஃபிரேம் என்றால் வினாடிக்கு 87 எம்பி. 32 ஜிபி கார்டு ஆறே நிமிடத்தில் நிரம்பிவிடும். அப்புறம் மேஜிக் லான்டர்ன் பதிந்து தரும் எம்எல்வி கோப்பை டிஎன்ஜி என்ற ரா படக் கோப்புகளாக ஆக்கு, ஃபிரேமுக்கு ஒரு படம், ஹார்ட் டிஸ்க் கதறட்டும், ராத்திரி முழுக்க உட்கார்ந்து கலரைச் சரிசெய். இதற்கு நடுவில் "மாமா, அந்த வீடியோவை இப்பவே வாட்ஸ்அப்பில் அனுப்புங்களேன்" என்பவர்களை என்னதான் செய்வது?