ஸ்டீவன்ஸ் தோற்கடித்த தாய்
அடிமை முறைக்கு எதிராகப் போராடியவர் என்று பெயர் பெற்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல்வாதி தாடியஸ் ஸ்டீவன்ஸ், வக்கீல் தொழிலைத் தொடங்கிய நாளிலிருந்தே அந்த முறையை எதிர்த்தார் என்று அவரைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1821இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்தில் சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண்ணின் வழக்கு வந்தது. வெளியிலிருந்து அந்த மாநிலத்துக்குக் கொண்டுவரப்பட்டு ஆறு மாதம் வைத்திருக்கப்பட்ட அடிமைக்கு விடுதலை உண்டு என்பது சட்டம். சாரிட்டி இடையிடையே வந்து தங்கிய நாட்களைக் கூட்டினால் கணக்கு சரியாக வரும். கூட்டக் கூடாது, ஆறு மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று உரிமையாளர் பக்கம் நின்று ஜெயித்தவர் இதே ஸ்டீவன்ஸ்தான். அந்தத் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் விடுதலை கிடைக்கவில்லை. நானும் இருபது வருடமாக வக்கீல்தான். கட்சிக்காரருக்காக வாதாடுவது நம் கடமை என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் இந்த வழக்கைப் படித்த அன்று மனசு ஆறவே இல்லை. இதை விட்டுவிட்டால் அவர் எவ்வளவு தூரம் மாறினார் என்பதே வாசகருக்குப் புரியாது. அப்புறம் 1838இல் வெள்ளையருக்கு மட்டும் வாக்குரிமை தந்த மாநில அரசியல் சட்டத்தில் கையெழுத்திட மறுத்தார். 1868இல் இறந்தபோது, நிறம் பார்த்துப் புதைக்கும் இடங்களைத் தவிர்த்து, அதே மாநிலத்தின் லங்காஸ்டர் நகரில் எல்லோரையும் ஏற்கும் சிறிய கல்லறைத் தோட்டத்தில்தான் தன் விருப்பப்படி அடக்கம் செய்யப்பட்டார்.