நல்ல நாள் பார்த்துச் சுகர் பார்த்தேன்

எனக்குச் சுகர் வந்து ஆறு வருடம் ஆகிறது. ஃபாஸ்டிங் அளவைத் தேதி போட்டு எழுதி வைக்க ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். 118, 124, 121, 130. யார் கேட்டாலும் அதைத்தான் காட்டுவேன். "கன்ட்ரோல்லதான் இருக்கு."

போன மாதம் டாக்டர் மூன்று மாதச் சுகர், அதாவது ஹெச்பிஏ1சி, எடுக்கச் சொன்னார். 8.4. லேபில் வேறு யாருடைய ரத்தத்தோடோ மாறிவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. நோட்டை எடுத்து நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "எந்தெந்த நாள்ல பார்த்தீங்க சார்?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ரத்தத்தில் ஓடும் சர்க்கரை சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும். அதனால் இந்த டெஸ்ட் இரண்டு மூன்று மாதக் கணக்கைக் காட்டிவிடும். முந்தின நாள் ராத்திரி பட்டினி கிடந்தெல்லாம் அதை இறக்க முடியாது. 8.4 என்றால் சராசரி 190-ஐத் தாண்டுகிறது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி குளுக்கோமீட்டரை எடுத்து மெமரி பட்டனை அழுத்தினாள். 212. 238. 197. "இதெல்லாம் நோட்டுல காணோமே?" ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. கை சரியாகக் கழுவவில்லை, ராத்திரி தூக்கமில்லை, முந்தின நாள் கல்யாணச் சாப்பாடு. மீட்டரிலும் ஏறாத நாட்கள் இன்னும் அதிகம். "இன்னைக்கு அதிகமாத்தான் காட்டும், ஸ்ட்ரிப் எதுக்கு வீணாக்கணும்" என்று விட்டுவிட்ட நாட்கள்.

நோட்டில் இருந்த ஒரு எண்கூடப் பொய்யில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. நான் தெரியாமல் ஏமாறவில்லை. அதிகமாகத்தான் காட்டும் என்று தெரிந்ததால்தானே மீட்டரைத் தொடாமல் இருந்தேன்? உண்மை எனக்குள் முழுசாக இருந்தது. அதை எழுத்தில் பார்க்காமல் இருக்க அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறேன். நாட்டுச் சர்க்கரைதானே, கோதுமைதானே, ஒரு வாய்தானே. இந்தத் 'தானே'யை வைத்தே ஆறு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

வலித்தால் இப்படி இருந்திருக்க மாட்டோம். சுகர் வலிக்காது. கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று சத்தமில்லாமல் அரிக்கும். என் அப்பா கால் விரலை எடுக்கிற அன்றைக்குக்கூட "லேசான புண்ணுதான்டா" என்றார். அவர் மேல் எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? 2023-இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சுகர் என்கிறது. இதில் எத்தனை வீட்டு டிராயரில் என்னுடையதைப் போல ஒரு நோட்டு கிடக்கிறதோ.

போன ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரை எடுத்தேன். 226. பேனாவைத் திறந்தபிறகும் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் எழுதினேன். பக்கத்தில் காரணத்தையும் எழுதினேன்: சர்க்கரைப் பொங்கல், இரண்டு தடவை.