தொகுதி 1ன்னா எந்தத் தொகுதி 1, அண்ணாச்சி?

பேட்மேன் கார்ட்டூனை ஒட்டி வந்த காமிக்ஸை விக்கவங்ககிட்ட ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வாங்க முடியல: உள்ள எந்த இதழ்லருந்து எந்த இதழ் வரைக்கும் இருக்கு? பாளையங்கோட்டை புத்தகத் திருவிழா ஸ்டாலா இருந்தாலும் சரி, ஆன்லைன்ல பழைய புத்தகம் விக்க ஆளா இருந்தாலும் சரி, அட்டைப் பேரைச் சொல்லுதாங்க, 'தொகுதி 1'ன்னு சொல்லுதாங்க, அதோட நிறுத்திக்கிடுதாங்க. தொகுதின்னா பல இதழைச் சேர்த்துக் கட்டுன ஒரே புத்தகம். 'பேட்மேன் அட்வென்ச்சர்ஸ்'ங்க பேருல வந்த இதழ்களுக்கே மூணு தொகுதி 1 இருக்குவே!

1992ல டிவியில கார்ட்டூன் தொடங்குன கையோட 'தி பேட்மேன் அட்வென்ச்சர்ஸ்' மாத இதழும் தொடங்கிட்டு. 1993ல வந்த தொகுதி 1ல முதல் 6 இதழ். 2014ல வந்த தொகுதி 1ல முதல் 10 இதழ். நடுவுல 2004ல கைக்கடக்கமா ஒரு தொகுதி 1 வந்துச்சு. அதுல பெரும்பாலும் இருக்கது 2003ல அதே பேருல, திரும்பவும் ஒண்ணுலருந்து எண்ணத் தொடங்குன வேற தொடர். பேட்மேனோட எதிரி ஜோக்கருக்குக் கூட்டாளியா வார ஹார்லி குவின் டிவிக்காகவே பிறந்த பாத்திரம். காமிக்ஸுக்குள்ள அவ வந்தது 1993ல, 12ஆவது இதழ்ல. அவளைத் தேடித்தான் பாதிப் பேரு இந்தப் புத்தகத்துக்கே வாராங்க. இந்த மூணு தொகுதி 1லயும் அந்த இதழ் கிடையாது. ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா ஒருத்தன் காசு வீணாப் போயிருக்குமா?

வரிசை அதைவிட மோசம். முதல் தொடர் 36 இதழ். 1995லருந்து 'பேட்மேன் அண்ட் ராபின் அட்வென்ச்சர்ஸ்' 25. 1998லருந்து 'காத்தம் அட்வென்ச்சர்ஸ்' 60. 2003லருந்து மறுபடி பழைய பேருல 17. டிவியில கார்ட்டூன் பேரை மாத்த மாத்த, காமிக்ஸும் பேரை மாத்திக்கிட்டே போயிருக்கு. 1997ல கார்ட்டூன்ல உருவங்களையே மாத்தி வரைஞ்சாங்க. பேட்மேனுக்குத் துணையா வார ராபினா இருந்த டிக் கிரேசன் 'நைட்விங்'ங்க பேருல தனி வீரனா ஆயிட்டான், டிம் டிரேக்னு ஒரு சின்னப் பையன் ராபினா வந்தான். 1998 தொடர் அந்தப் புது உருவத்தைத்தான் பின்பற்றுது. இது தெரியாம ரெண்டையும் கலந்து கட்டாக் கட்டி வித்தா, வாங்குனவன் 'ராபின் எப்படி திடீர்னு வேற பையனா மாறிட்டான்'னு முழிப்பானா இல்லையா? இதுல 2004ல வந்த வேற கார்ட்டூனோட 'தி பேட்மேன் ஸ்ட்ரைக்ஸ்' இதழையும் சேர்த்துச் செருகுதாங்க. அது முற்றிலும் தனி உலகம், 50 இதழ். இதுக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல.

விக்கவங்க சொல்லலைன்னா நாமளே கணக்குப் போட வேண்டியிருக்கு. ஒரு இதழ்ல கதை ஏறக்குறைய 22 பக்கம். மொத்தப் பக்கத்தை 22ஆல வகுத்தா எத்தனை இதழ்னு ஓரளவு புரியும். 130 சொச்சம்னா ஆறு, 230, 240னா பத்து. அளவையும் கேளுங்க மக்கா. சாதாரண காமிக்ஸ் ஆறரை இஞ்சுக்குக் கொஞ்சம் மேல அகலம், பத்தே கால் இஞ்சு உயரம். கைக்கடக்கப் பதிப்புல அதே பக்கத்தைச் சுருக்கி அச்சடிச்சிருப்பாங்க; வசனம் பொடியாயிரும், சின்னக் கட்டத்துல இருக்க முகபாவம் தெரியாது. அது தெரிஞ்சு வாங்குனா தப்பில்ல. தெரியாம வாங்க வைக்கதுதான் அநியாயம்.

அந்த 12ஆவது இதழ் தனியா வந்தா இன்னும் கவனம். அதுக்கு மறுபதிப்பு உண்டு, அட்டை அதே அட்டைதான். உள் அட்டையிலோ முதல் பக்கத்து அடியிலோ பொடி எழுத்துல பதிப்பு விவரம் இருக்கும், அங்க ஆண்டைப் பாத்துதான் நம்பணும். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னா, 'ஒரிஜினல்தான் தம்பி, நம்புங்க'ங்கான். போட்டோ எடுக்க என்ன வலிக்கு?

இன்னொரு கொடுமை, இதையெல்லாம் வண்ணம் தீட்டுற புத்தகத்தோட சேர்த்துக் குழந்தைங்க குவியல்ல போடுறது. கார்ட்டூன் படம்னா அஞ்சு வயசுப் பிள்ளைக்குத்தானா? அந்த டிவி கார்ட்டூனை உருவாக்குன ஆளுகள்ல பால் டினியும் புரூஸ் டிம்மும் 1994ல கொண்டுவந்த 'மேட் லவ்', காமிக்ஸுக்குன்னே அமெரிக்காவுல குடுக்க ஐஸ்னர் விருது வாங்குன புத்தகம். தன்னைக் காதலிக்க ஹார்லியை ஜோக்கர் ஜன்னல் வழியாத் தள்ளிவிடுத கதை. அதைப் பொம்மைப் புத்தகம்னு விக்காங்க! தமிழ்ல முத்து காமிக்ஸ் 1972லயே வந்தாச்சு. கோவில்பட்டி, சாத்தூர் தாண்டுனா சிவகாசி, அங்கருந்துதான் தமிழுக்கே காமிக்ஸ் வந்துக்கிட்டிருக்கு. இந்தப் பக்கத்து வாசகனுக்குக் காமிக்ஸ்னா என்னன்னு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

விக்கவங்க செய்ய வேண்டியது அட்டை, பதிப்பு விவரப் பக்கம், பின்னட்டை மூணுக்கும் போட்டோ, இதழ் எண் ஒரு வரி. அனுப்பும்போது ரெண்டு பக்கமும் கெட்டி அட்டை வச்சு, மூலைக்கு மடிச்ச காகிதம் குடுத்துக் கட்டணும். வெறும் பிளாஸ்டிக் கவர்ல போட்டா முதுகு மடங்கிரும். பசை ஒட்டுன புத்தகத்துல முதுகு ஒருக்கா ஒடிஞ்சா பக்கம் ஒவ்வொண்ணா உதிரும். எந்த இதழ்னு எழுத்துல சொல்லாத ஆளுக்கு முன்பணம் போடாதீங்க.