ஒரே ஒரு தடவை போட்ட புள்ளடி

2013 செப்ரெம்பர் 21, இலங்கையின் வட மாகாண சபைத் தேர்தல் நாள். காலை ஏழு மணிக்கே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசை நீண்டிருந்தது. அம்மாவுக்கு அப்போது எழுபது கடந்திருந்தது. வரும் வழியெல்லாம் மூன்று இலக்கங்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். முதலில் சின்னத்துக்கு ஒரு புள்ளடி, அப்புறம் கீழே விரும்பும் வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்களுக்கு மூன்று புள்ளடி, பிழைத்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. ஆறு வயது மகள் என் கையைப் பிடித்தபடி வாசல் வரை வந்தாள்.

அம்மா இப்போது இல்லை. மகளின் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறிவிட்டது. ஆனால் மாகாண சபைக்கு வாக்களிக்கும் வாய்ப்பு அவளுக்கு இன்னும் வரவில்லை.

வடக்கு மக்கள் மாகாண சபைக்கு வாக்களித்தது அந்த ஒரு நாள் மட்டும்தான். 1987 இலங்கை இந்திய ஒப்பந்தத்தின் வழியாக மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்தது. 1988 நவம்பரில் இணைந்த வடக்கு கிழக்குக்குத் தேர்தல் நடந்தபோது வடக்கில் போட்டியே இருக்கவில்லை, எல்லாரும் போட்டியின்றித் தெரிவானார்கள். 1990இல் அந்தச் சபை போயிற்று. 2006இல் உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது. கிழக்கு 2008இலும் 2012இலும் வாக்களித்தது. எங்களுக்கு 2013 வரை காத்திருப்பு.

அந்த உறுப்பினர்கள் எப்படித் தெரிவானார்கள் என்று இளம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது, பார்த்திருந்தால்தானே தெரியும்? ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பதற்குச் சனத்தொகையில் 40,000 பேருக்கு ஒன்று, பரப்பில் 1,000 சதுர கிலோமீற்றருக்கு ஒன்று என்பது கணக்கு. அதனால்தான் யாழ்ப்பாணத்துக்கு 16 வந்தது, சனம் குறைந்த மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் நிலப்பரப்பின் தயவில் ஐந்து ஐந்து கிடைத்தது. வவுனியாவுக்கு ஆறு, கிளிநொச்சிக்கு நான்கு. மொத்தம் 36. அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு மேலும் இரண்டு போனஸ் ஆசனம். அன்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38இல் 30 எடுத்தது. போனஸில் ஒன்றை ஒரு முஸ்லிம் உறுப்பினருக்குக் கொடுத்ததை நான் இன்றும் மதிக்கிறேன். வடக்கிலிருந்து விரட்டப்பட்ட சமூகத்துக்கு அந்த அவையில் ஒரு இடம் இருந்தே ஆக வேண்டும்.

விருப்பு வாக்கில் குறை இல்லாமல் இல்லை. நெடுந்தீவுக்காரரும் தென்மராட்சிக்காரரும் ஒரே பட்டியலுக்குத்தான் புள்ளடி போடுகிறார்கள். வேட்பாளர் மாவட்டம் முழுக்க ஓட வேண்டும், பணம் உள்ளவர் கூடுதலாக ஓடுவார். எதிர்க்கட்சியை விடச் சொந்தக் கட்சிக்காரனே போட்டியாளன் ஆகிவிடுகிறான். ஆனாலும் ஒருவரை நாங்களே பெயர் சொல்லித் தெரிந்தோம். முதலமைச்சரான விக்னேஸ்வரன் ஐயாவுக்கு விழுந்த 132,000க்கு மேற்பட்ட விருப்பு வாக்குகளைக் கட்சித் தலைமை கொடுக்கவில்லை. என் அம்மா போன்றவர்கள் இலக்கத்தை மனப்பாடம் செய்து போட்டது அது.

தெரிவான பிறகு அவர்களால் என்ன செய்ய முடிந்தது? இதில்தான் எனக்கு ஆற்றாமை. சபையின் ஆயுள் ஐந்து ஆண்டு. முதலமைச்சரோடு சேர்த்து ஐந்து அமைச்சர்கள், அதற்கு மேல் அரசியலமைப்பு விடாது. கல்வி, சுகாதாரம், விவசாயம், உள்ளூராட்சி எல்லாம் மாகாணத்தின் கையில் என்று அரசியலமைப்பின் அதிகாரப் பட்டியல் சொல்கிறது. ஆனால் நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரிடம். சபை ஒரு நியதிச் சட்டத்தை, அதாவது மாகாணத்துக்கான சட்டத்தை, நிறைவேற்றினால் ஆளுநர் சம்மதிக்க வேண்டும். அவர் திருப்பி அனுப்பலாம். மறுபடி நிறைவேற்றினால் ஜனாதிபதி வழியாக உயர் நீதிமன்றத்துக்குப் போகும்படி ஒதுக்கி வைக்கலாம். யாழ்ப்பாணத்தில் இராணுவக் கட்டளைத் தளபதியாக இருந்தவரே 2015 வரை எங்கள் ஆளுநர். காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் காகிதத்தில் மட்டும்.

எங்கள் பக்கப் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சபை தீர்மானம் நிறைவேற்றுவதில் காட்டிய வேகத்தை நியதிச் சட்டம் எழுதுவதில் காட்டவில்லை. 2017இல் அமைச்சர்கள் மீதான விசாரணை, முதலமைச்சருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை முயற்சி என்று சொந்த வீட்டுச் சண்டையில் ஒரு ஆண்டு கரைந்தது. நீக்கப்பட்ட ஒரு அமைச்சர் நீதிமன்றம் போனார். அமைச்சரை நீக்கும் அதிகாரம் முதலமைச்சருக்கு இல்லை என்று நீதிமன்றம் சொன்ன பிறகுதான் எவ்வளவு வெறுங்கையோடு இருந்திருக்கிறோம் என்று பலருக்குப் புரிந்தது.

இதையெல்லாம் காட்டி, '13 ஒரு வெற்றுப் பானை, தேர்தல் எதற்கு?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. சரி, அது போதாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் போதாது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் அதே அதிகாரம் எங்கேயும் போய்விடவில்லை. ஆளுநரும் பிரதம செயலாளரும் அதை நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். இல்லாமல் போனது கேள்வி கேட்க இருந்த 38 பேர் மட்டும்.

2015இல் எங்கள் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் தவித்தார்கள். உறுப்பினர் ஒருவரைக் கோயில் திருவிழாவில் மறித்துக் கேட்டோம். அவருக்கு மறுக்க வழியில்லை, அடுத்த தேர்தலுக்கு அதே வீதிக்கு வந்தாக வேண்டும். அமர்வில் எழுப்பினார், இரண்டு மாதத்தில் ஆசிரியர் வந்தார். போன ஆண்டு அதே குறை மீண்டும் வந்தது. மூன்று அலுவலகங்களுக்குக் கடிதம் கொடுத்தோம். எல்லாரும் மரியாதையாக வாங்கித் திகதி முத்திரை குத்தினார்கள். பதில் வரவில்லை. அந்த அதிகாரிகள் கெட்டவர்கள் அல்ல, எங்களுக்குப் பதில் சொல்லும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

தேர்தல் ஏன் நின்றது என்பதையும் மறக்க விடக்கூடாது. 2017இல் பெண் வேட்பாளர்களுக்கு இடம் ஒதுக்கும் ஒரு சட்டமூலம் வந்தது. நாடாளுமன்றக் குழுநிலை விவாதத்தில் அதற்குள் முழுத் தேர்தல் முறையையும் மாற்றும் திருத்தங்களைச் செருகினார்கள். பாதி உறுப்பினர் தொகுதி வழியாக, பாதி கட்சிகள் பெறும் வாக்குகளின் விகிதாசாரப்படி. அதற்குத் தொகுதிகளை வகுக்கும் எல்லை நிர்ணயம் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். சிதறி வாழும் முஸ்லிம்களுக்கும் மலையகத் தமிழருக்கும் ஆசனம் குறையும் என்ற அச்சம் நியாயமானது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் புதிய முறையை நிராகரித்தவர்கள் பழைய முறையைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. பழைய சட்டம் போய்விட்டது, புதிய சட்டம் நடக்காது. வடக்குச் சபை 2018 ஒக்டோபரில் கலைந்தது. 2019க்குள் ஒன்பது மாகாணமும் காலி. நாட்டில் கடைசியாக நடந்த மாகாண சபைத் தேர்தல் 2014 செப்ரெம்பரில் ஊவாவில் நடந்தது. சிங்கள மக்களுக்கும் இதே இழப்புத்தான், அவர்கள் இதைப் பெரிதாகப் பேசாவிட்டாலும்.

பூட்டைத் திறக்கப் பெரிய அரசியலமைப்பு மாற்றம் எதுவும் வேண்டாம். பழைய விகிதாசார முறையில் ஒரு தடவை நடத்துங்கள் என்று ஒரு சிறிய திருத்தச் சட்டம் போதும். தமிழரசுக் கட்சி உறுப்பினர்கள் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்ததும் அதைத்தான். தொகுதி முறை நல்லதா கெட்டதா என்று பிறகு ஆறுதலாகப் பேசலாம். பெண்களுக்கான ஒதுக்கீட்டை மட்டும் இப்போதே சேர்க்க வேண்டும். 2013இல் வடக்கில் நேரடியாகத் தெரிவானவர்களில் ஒரே ஒரு பெண், அவரும் யாழ் மாவட்டத்தில் விருப்பு வாக்கில் இரண்டாவதாக வந்தவர். வாக்காளர் பெண்களை விரும்பவில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

உங்கள் மாவட்டத்து நாடாளுமன்ற உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்த ஒரு கேள்வியை நேரில் கேளுங்கள்: அந்தத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தால் கை உயர்த்துவீர்களா? ஆம் என்றாலும் இல்லை என்றாலும் இங்கே வந்து எழுதுங்கள். எங்கள் மாவட்டத்து உறுப்பினர்களிடம் நான் இந்த வாரம் போகிறேன். மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.