'ரிலாக்ஸா இரு' என்று சொல்லி யாரும் ரிலாக்ஸ் ஆனதில்லை

படபடப்போடு உட்கார்ந்திருப்பவரிடம் நாம் முதலில் சொல்வது 'டென்ஷன் ஆகாதே'. அடுத்து 'மூச்சை நல்லா இழுத்து விடு'. முதலாவதால் ஒரு பயனும் இல்லை. இரண்டாவது, பல நேரம் இருக்கிற படபடப்பைக் கூட்டிவிடும்.

பதற்றத்தில் இருப்பவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். அப்படி வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும், காற்றே போதவில்லை என்று தோன்றும். அந்த நேரத்தில் 'இன்னும் ஆழமா இழு' என்றால் கரியமில வாயு இன்னும் குறையும், கிறுகிறுப்பு ஏறும். 'எனக்கு ஏதோ ஆகப்போகுது' என்ற பயம் அதன் மேல் வந்து உட்காரும்.

கவனம் வைக்க வேண்டியது வெளிமூச்சில். உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடுகிறது, வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வந்து துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் பிடியில் குறைகிறது. ஆகவே வெளிமூச்சை நீட்டினால் போதும். முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை இழுங்கள். வழக்கமான அளவுக்கு இழுத்தால் போதும், நெஞ்சு நிரம்ப வேண்டாம். உதட்டைக் குவித்து 6 எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு விநாடி என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். 5 நிமிடம் செய்யுங்கள். 4-6 திணறலாக இருந்தால் 3-4இல் தொடங்கி, பழகப் பழக நீட்டுங்கள். தோள் மேலே எழும்பினால் மேல் நெஞ்சால் மூச்சு வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். செய்யும்போது கிறுகிறுத்தால், இழுக்கும் காற்றின் அளவைக் குறைக்க வேண்டும். எண்ணிக்கையை மாற்ற வேண்டியதில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. ஒரு மாதம், தினமும் 5 நிமிடம். சிலருக்கு மூன்று வகை மூச்சுப் பயிற்சிகளில் ஒன்று, சிலருக்குத் தியானம். பதற்றம் எல்லாக் குழுக்களிலும் குறைந்தது. ஆனால் மனநிலை அதிகம் தேறியது, இரண்டு முறை அடுத்தடுத்து இழுத்து ஒரே நீண்ட மூச்சாக விட்டவர்களுக்குத்தான். அங்கேயும் நீளமாக இருந்தது வெளிமூச்சு என்பதைக் கவனியுங்கள்.

நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: பதற்றம் இல்லாத நேரத்தில் பழகுங்கள். உச்சத்தில் தவிக்கும்போது முதன்முறையாக முயன்றுவிட்டு 'எனக்கு இதெல்லாம் சரிப்படாது' என்று விட்டுவிடுபவர்களே அதிகம். பல் துலக்கியதும் 5 நிமிடம் என்று ஏதாவது ஒரு அன்றாட வேலையோடு கட்டிவிட்டால் மறக்காது. இரண்டு மூன்று வாரம் ஆனால் உடலுக்கு வழி பழகிவிடும். அதன் பிறகே நெருக்கடியில் அது கைகொடுக்கும்.

தோளும் தாடையும் இறுகிக் கிடப்பவர்களுக்கு மூச்சுப் பயிற்சியைவிடத் தசைப் பயிற்சி பொருந்தும். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் உருவாக்கிய முறை இது. கை, முகம், தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று வரிசையாக ஒவ்வொரு பகுதியையும் 5 முதல் 7 விநாடி இறுக்கி, சட்டென்று விட்டு, 20 முதல் 30 விநாடி அந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். முழு பலத்தோடு இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முக்கால் பங்கு போதும். கால் விரல்களை முன்னோக்கி நீட்டி இறுக்கினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், அதனால் விரல்களை உங்களை நோக்கி மடக்குங்கள். அடிபட்ட, வலிக்கிற இடத்தை விட்டுவிடுங்கள். கண்ணை மூடித் தளர்ந்ததும் பயம் எழுவதும் சிலருக்கு உண்டு. அவர்கள் கண்ணைத் திறந்தபடியே செய்யலாம்.

சரி, மனசுக்குள் ஓடும் கவலை? 'அதை நினைக்காதே' என்றால் அதுதான் முதலில் நினைவுக்கு வரும். கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குவது எவ்வளவோ மேல். உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக் குழுவினர் 1983இல் வெளியிட்ட முறை. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், 30 நிமிடம். படுக்கையில் வேண்டாம், தூங்கப்போகும் நேரத்தை ஒட்டியும் வேண்டாம். பகலில் கவலை எழுந்தால் நாலைந்து சொல்லில் ஒரு தாளில் குறித்துவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். குறித்த நேரம் வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து, 'இதற்கு நான் ஏதாவது செய்ய முடியுமா?' என்று கேளுங்கள். முடியும் என்றால் அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையைக் கிழமையும் மணியும் போட்டு எழுதுங்கள். முடியாது என்றால் அடித்துவிடுங்கள், நாளை மறுபடி வந்தால் மறுபடி அடிக்கலாம். பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கினால் எழுத்தே கவலையாகிவிடும். செல்போனில் குறிப்பதும் ஆகாது. குறிக்கத் திறந்த போன் அரை மணி நேரத்தை விழுங்கிவிடும்.

இரவுக்கும் ஒரு தாள் உதவும். 2018இல் வெளிவந்த ஒரு சிறிய தூக்க ஆய்வில், படுக்கும் முன் 5 நிமிடம் வரும் நாட்களின் வேலைகளைப் பட்டியலிட்டவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து மங்கிய வெளிச்சத்தில் சலிப்பூட்டும் எதையாவது செய்யுங்கள், கண் சொக்கியதும் திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், 20 நிமிடம் என்பது உத்தேசமாகத் தெரிந்தால் போதும்.

காபி, டீ பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவற்றில் இருக்கும் காஃபின் உடலில் பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு 9 மணிக்கும் உடலில் இருக்கும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பாதிப்பில்லை என்பார்கள், ஆனால் பதற்றக்காரர்கள் சிலருக்கு அதில் பாதியே நெஞ்சை அடிக்க வைக்கும். ஒரேயடியாக நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி பிடித்துக்கொள்ளும். மூன்று நாளுக்கு ஒரு முறை கால் பங்கு மட்டும் குறைத்துக்கொண்டே வாருங்கள். மது அன்றிரவு அமைதி தந்துவிட்டு மறுநாள் வட்டியோடு வசூலிக்கும். சிகரெட் தணிப்பது பெரும்பாலும் முந்தைய சிகரெட் விட்டுப்போன தவிப்பைத்தான். நடைப்பயிற்சி போன்ற மிதமான உடற்பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம்.

இவை எல்லாவற்றையும் செய்தும் பதற்றம் குறையவில்லை என்றால், எதைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று பாருங்கள். பேச வேண்டிய போன்காலைத் தவிர்த்ததும் ஒரு நிம்மதி வருமே, அந்த நிம்மதிதான் அடுத்த முறை பயத்தைப் பெரிதாக்குகிறது. பயப்படும் விஷயங்களுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, 3 அல்லது 4இல் இருப்பதை முதலில் எடுங்கள். படபடப்பு தானாக இறங்கும் வரை அங்கேயே இருங்கள், மறுநாளும் செய்யுங்கள். அது 1க்கு வந்ததும் அடுத்த படி.

மூச்சுப் பயிற்சியால் தீராதவையும் உண்டு. நெஞ்சை அழுத்தும் வலி தாடைக்கோ கைக்கோ பரவி வியர்த்தால் எண்ணிக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே ஒருவரிடம் சொல்லி உதவி தேடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். பதற்றத்தால் தூக்கமும் வேலையும் வாரக்கணக்கில் கெட்டாலும் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். போகும்போது ஒரு வாரக் குறிப்பை எடுத்துப் போங்கள்: படபடப்பு எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அன்று எத்தனை கப் காபியோ டீயோ குடித்தீர்கள், மூக்கடைப்பு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் உட்பட என்னென்ன மருந்து எடுத்தீர்கள்.