வீரப் பதக்கமும் எழுதப்படாத சாட்சியங்களும்

1941 டிசம்பர் 9ஆம் தேதி, நம் மலேசியாவின் பட்டர்வொர்த் விமானத் தளத்திலிருந்து பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள், தாய்லாந்தில் ஜப்பானியர் பிடியிலிருந்த சிங்கோராவைத் தாக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், ஜப்பானிய விமானங்கள் அந்தத் தளத்தின் மீதே குண்டு பொழிந்தன. மேலே எழும்பியது ஆர்தர் ஸ்கார்ஃப் ஓட்டிய விமானம் ஒன்றுதான். துணைக்கு யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் அவர் திரும்பவில்லை. தனியாகவே சிங்கோரா வரை பறந்து குண்டு வீசிவிட்டு, எதிரி விமானங்களின் சூட்டில் படுகாயமடைந்த நிலையில், உடனிருந்தவர்கள் தாங்கிப் பிடிக்க, அலோர் ஸ்டாரில் விமானத்தைத் தரையிறக்கினார். உடன் சென்ற இருவரும் பிழைத்தார்கள். அவர் மருத்துவமனையில் உயிர்விட்டார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை அவருக்கு அறிவிக்கப்பட்டது 1946 ஜூன் மாதத்தில்.

இடையில் நான்கரை ஆண்டுகள் ஓடிவிட்டன. மலாயா வீழ்ந்தது, சிங்கப்பூர் வீழ்ந்தது, அறிக்கை எழுத வேண்டியவர்களும் எழுதிய அறிக்கைகளைப் பாதுகாக்க வேண்டியவர்களும் சிதறிப்போனார்கள். போர் முடிந்த பிறகு, நடந்ததை அறிந்தவர்கள் வாய் திறந்தார்கள். கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் காது கொடுத்தார்கள். 'லி வோ' என்ற சிறிய ரோந்துக் கப்பலின் தலைவர் தாமஸ் வில்கின்சனின் கதையும் இதுவே. 1942 பிப்ரவரி 14ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) சென்றுகொண்டிருந்த அந்தக் கப்பல், எதிரில் வந்த ஜப்பானியக் கப்பல் அணியைக் கண்டு விலகி ஓடாமல், வெல்லவே முடியாத சண்டையில் இறங்கி மூழ்கியது. தப்பிய சிலர் போர்க் கைதிகளாக ஆண்டுக்கணக்கில் கிடந்து மீண்டு வந்து சொன்ன பிறகு, 1946 டிசம்பரில் அவருக்கும் விக்டோரியா சிலுவை கிடைத்தது.

அதே 1942 பிப்ரவரி 14ஆம் தேதி, சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மேட்டில், புக்கிட் சண்டுவில், மலாய்ப் படைப்பிரிவின் லெப்டினன்ட் அட்னான் சைடி தம் வீரர்களோடு கடைசி வரை நின்று போரிட்டு இறந்தார். நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர் அது. அவருக்கு பிரிட்டிஷ் அரசு எந்த வீரப் பதக்கமும் வழங்கவில்லை. போரில் பணியாற்றிய எல்லோருக்கும் கிடைக்கும் சேவைப் பதக்கங்களே அவருக்கும் கிடைத்தன.

இந்த மூவரில் யார் பெரிய வீரர் என்று எடைபோடும் தகுதி எனக்கு இல்லை. அந்த எண்ணமும் இல்லை. ஸ்கார்ஃபுக்கும் வில்கின்சனுக்கும் கிடைத்தது முற்றிலும் தகுதியானது. ஆனால் காலம் கடந்தாலும் சாட்சிகளைத் தேடி, கேட்டு, விருது வழங்க முடியும் என்பதை அந்த இரண்டு விருதுகளுமே நிரூபித்துவிட்டன. அப்படியிருக்க, புக்கிட் சண்டுவின் சாட்சிகளை அதே அக்கறையோடு யார் தேடினார்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அன்றைய பிரிட்டிஷ் விதியும் இதில் ஒரு பங்கு வகித்தது. போர்க்களத்தில் இறந்தவருக்கு ஒன்று விக்டோரியா சிலுவை தரலாம், இல்லையேல் போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடலாம். இடையிலிருந்த வீரப் பதக்கங்கள் உயிரோடு இருப்பவர்களுக்கே உரியவை. இந்த விதி 1979 வரை நீடித்தது. உயிரைக் கொடுத்தவருக்கு உச்சியும் அடிவாரமும் மட்டுமே திறந்திருந்தன என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஒப்பவில்லை.

வீரப் பதக்கம் செயலுக்குக் கிடைக்கிறது என்று நாம் நம்புகிறோம். உண்மையில் அது செயலைப் பற்றிய அறிக்கைக்குக் கிடைக்கிறது. களத்தில் இருந்த அதிகாரி பரிந்துரை எழுத வேண்டும். கண்ணால் கண்டவர்கள் வாக்குமூலம் தர வேண்டும். அந்தக் காகிதம் படிப்படியாக மேலே போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் அதை ஏற்கலாம், தரம் குறைக்கலாம், மேசையிலேயே வைத்துவிடலாம். எழுதத் தெரிந்த அதிகாரி, பிழைத்த சாட்சி, தோற்காத படை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால்தான் ஒரு சிப்பாயின் துணிவு பதக்கமாகிறது. இதில் எதுவும் அந்தச் சிப்பாயின் கையில் இல்லை.

நாங்கள் பெரியப்பா என்று அழைக்கும், என் தந்தையின் நண்பர் ஒருவர் பட்டர்வொர்த்தில் இருக்கிறார். எழுபதுகளில் எல்லைக் காடுகளில் பணியாற்றியவர். ஒரு முறை தம் சேவைக் குறிப்பேட்டை எனக்குக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாலும் முத்திரைகளின் மை மங்கி, பழுப்பேறிய தாளோடு கலந்துவிட்டிருந்தது. விருதுகள் என்ற பகுதியில் சேவைப் பதக்கத்துக்கு ஒரு வரி தட்டச்சிட்டிருந்தது. கீழே கட்டங்கள் காலியாக இருந்தன. அந்தக் காலிக் கட்டத்தின் மீது விரலை வைத்தபடி அவர் பேசியது தம்மைப் பற்றி அல்ல. மரம் ஏற்றும் பாதையில் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்து தாக்கியபோது, பின்வாங்கிவிட்ட பிறகும் காயம்பட்டவர்களுக்காகத் திரும்பிப் போய், அவர்களை இழுத்து வரும் வரை சுட்டுக்கொண்டே இருந்து இறந்துபோன தம் கோப்பரலைப் பற்றி. "அறிக்கை எழுத வேண்டியவரே ஆஸ்பத்திரில கெடந்தாரு, தம்பி. அப்புறம் அவரையும் வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. என்னை எழுதுன்னு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்ச மலாய்ல எழுதியிருப்பேன்" என்றார்.

யாரும் வேண்டுமென்று அநீதி செய்ததாக அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எவருடைய தீய எண்ணமும் இல்லாமலே ஒரு வீரனின் பெயர் அழிந்துபோக முடிகிறது என்பதுதான் என்னை வருத்துகிறது.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் இன்னும் எளிமையாகவும் நேர்மையாகவும் நடந்துகொண்டார்கள் என்று தோன்றுகிறது. திருவண்ணாமலை வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடுகளைக் காத்து இறந்த ஒருவரின் பெயரோடு, அவருடன் நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயரையும் கல்லில் வெட்டி, அதன் உருவத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அரசனும் தளபதியும் அல்லாதவர்களை ஊர் மறக்கவில்லை.

நம் நாட்டு விருது முறையின் நல்ல பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் ஒரே வீரச் செயலுக்கு அதிகாரிக்கு ராணுவச் சிலுவை, சாதாரணச் சிப்பாய்க்கு ராணுவப் பதக்கம் என்று பிரித்து வழங்கும் வழக்கம் 1993இல்தான் நீக்கப்பட்டது. 1960இல் உருவான, நம் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான ஸ்ரீ பஹ்லாவான் காகா பெர்காசாவில் அப்படிப்பட்ட பதவி வேற்றுமை இல்லை. சரவாக்கின் இபான் இனத்தவரான கானாங் அனாக் லாங்காவ் அந்த உயரிய விருதையும் அதற்கு அடுத்ததான பங்லிமா காகா பெரானியையும் பெற்றபோது அவர் அதிகாரி அல்லர். கம்யூனிஸ்டுகளுடனான மோதலில் உயிர்நீத்த இரண்டாம் லெப்டினன்ட் மோகன சந்திரன் வேலாயுதனுக்கு, இறந்த பிறகு ஸ்ரீ பஹ்லாவான் காகா பெர்காசா வழங்கப்பட்டது. இறந்தவருக்கும் இளையவருக்கும் சிறுபான்மையினருக்கும் கதவு திறந்தே இருந்தது என்பதற்கு இவை சான்று. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மோகன சந்திரனின் பெயர் தெரியும் என்று கேட்டால் பதில் நமக்கு வெட்கத்தைத் தரும். அது அரசின் குறை மட்டுமல்ல.

ஆகவே என் குறை விருதின் விதியைப் பற்றியது அல்ல, விருதை நோக்கிப் போகும் பாதையைப் பற்றியது. அந்தப் பாதையில் இனமும் மொழியும் எப்படிக் குறுக்கிடும் என்பதற்கு உலகில் உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு 1911 வரை விக்டோரியா சிலுவை பெறும் தகுதியே இல்லை. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் பணியாற்றியும், அவர்களில் ஒருவருக்குக்கூட அந்நாட்டின் உயர்ந்த பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் அப்போது கிடைக்கவில்லை. ஆய்வாளர்களை அமர்த்திப் பழைய கோப்புகளைப் புரட்டிய பிறகு 1997இல் ஏழு பேருக்கு வழங்கினார்கள். அப்போது உயிரோடிருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே. 2000ஆம் ஆண்டில் ஆசிய வம்சாவளியினர் 22 பேருக்கு வழங்கியபோதும் பெரும்பாலோர் காலமாகிவிட்டிருந்தார்கள்.

தமிழர்களாகிய நாம் பெருமையோடு சொல்லக்கூடிய ஒரு பெயரும் இங்கே நினைவுக்கு வருகிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24ஆம் தேதி இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மீது தம் உடலைப் போட்டுச் சகவீரர்களைக் காப்பாற்றி ஜார்ஜ் சிலுவை (எதிரியோடு நேருக்கு நேர் மோதாத சூழலில் காட்டும் துணிவுக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் விருது) பெற்றார். அவர் காத்த உயிர்கள் பிழைத்தன, படை முன்னேறிக்கொண்டிருந்தது, ஆவணங்கள் பத்திரமாக இருந்தன. அதே செயலை அவர் 1942 ஜனவரியில், பின்வாங்கிச் சிதறிக்கொண்டிருந்த மலாயாக் களத்தில் செய்திருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

பழைய கோப்புகளைத் திறந்தால் பதக்கத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அச்சம் வெறும் அச்சமல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மெய்ன் மாநிலத்தின் 27ஆம் படைப்பிரிவுக்கு, பணிக்காலத்தை நீட்டிக்க வைக்கும் பொருட்டு 864 மெடல் ஆஃப் ஆனர் பதக்கங்கள் மொத்தமாகத் தரப்பட்டன. 1917இல் மறு ஆய்வு செய்து, அவை உட்பட 911 பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. ஆனால் பட்டியலைச் சுத்தப்படுத்தியதும் ஒரு மறு ஆய்வுதானே. தகுதியற்றவரை நீக்க ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கோப்பைத் திறக்கலாம், தகுதியுள்ளவரைச் சேர்க்கத் திறக்கக் கூடாது என்பது என்ன நியாயம்? நியூசிலாந்தின் மவோரி படைவீரர் ஹானே மனாஹிக்கு 1943இல் விக்டோரியா சிலுவை பரிந்துரைக்கப்பட்டும், அதைவிடக் குறைந்த பதக்கமே கிடைத்தது. அவர் மக்கள் பின்னாளில் முறையிட்டபோது, இரண்டாம் உலகப் போருக்கான விருதுகள் 1949இல் முடித்துவைக்கப்பட்டுவிட்டன என்பதே பதிலாக வந்தது. செயல் நடந்ததா என்ற கேள்விக்கு நாட்காட்டி பதில் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியர்கள் வேறு வழியைக் கண்டார்கள். ராணுவ விருதுகள் குறித்த முறையீடுகளை விசாரிக்க, ராணுவத்தின் பிடியில் இல்லாத தீர்ப்பாயம் ஒன்றை 2011இல் சட்டப்படி நிறுவினார்கள். 1942 டிசம்பர் 1ஆம் தேதி, 'ஆர்மிடேல்' கப்பல் மூழ்கும்போது தம்மைத் துப்பாக்கியோடு பிணைத்துக்கொண்டு சுட்டபடியே கடலுக்குள் போன பதினெட்டு வயது டெடி ஷீனின் வழக்கை அந்தத் தீர்ப்பாயம் விசாரித்து, விக்டோரியா சிலுவைக்குப் பரிந்துரைத்தது. அரசு முதலில் மறுத்தது. எதிர்ப்பு எழுந்து, நிபுணர் குழு மீண்டும் ஆராய்ந்த பின், 2020இல் அந்த விருது வழங்கப்பட்டது. அரசே தயங்கிய வழக்கில்கூடக் காரணங்கள் எழுத்தில் வெளியே வந்ததால்தான் மக்களால் கேள்வி கேட்க முடிந்தது.

நம் தற்காப்பு அமைச்சிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். படைவீரரின் குடும்பமோ உடன் பணியாற்றியவரோ நேரடியாக முறையிடக்கூடிய ஒரு சுயேச்சைக் குழு. அதில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும் வரலாற்று ஆய்வாளர் ஒருவரும் கீழ்நிலைப் பதவியில் பணியாற்றிய முன்னாள் வீரர் ஒருவரும் இருக்க வேண்டும். ஆண்டு வரம்பு கூடாது. அதிகாரியின் பரிந்துரை இல்லை என்ற ஒரே காரணத்தால் மனு தள்ளப்படக் கூடாது. சாட்சியத்தின் தரத்தை மட்டும் துளியும் தளர்த்தக் கூடாது. விருது மாமன்னரின் கொடையாகவே இருக்கட்டும்; அவர் பார்வைக்குச் செல்லும் பெயர்கள் நியாயமான வழியில் செல்லட்டும்.

இதில் தாமதத்துக்கு இடமில்லை. கம்யூனிஸ்டுகளுடனான போர் 1989 டிசம்பரில் ஹாட்யாய் ஒப்பந்தத்தோடு முடிந்தது. எழுபதுகளில் காட்டுக்குள் போன இளைஞர்கள் இன்று எழுபது வயதைத் தொட்டும் கடந்தும் நிற்கிறார்கள். குழு அமையும் வரை நாம் காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் வீட்டிலோ தாமானிலோ முன்னாள் படைவீரர் ஒருவர் இருந்தால் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவருடைய படை எண், படைப்பிரிவு, சம்பவம் நடந்த இடம், மாதம், உடனிருந்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றை அவர் சொல்லும் மொழியிலேயே எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையொப்பம் வாங்கி வையுங்கள். பெரியப்பாவின் வாக்குமூலத்தை அப்படி எழுதி முடித்துவிட்டோம். அந்தக் கோப்பரலின் குடும்பம் பேராக்கில் எங்கோ இருப்பதாக அவர் சொல்கிறார், அவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். எழுபதுகளில் வடக்கு எல்லையில் பணியாற்றியவர்களை அறிந்தவர்கள் உட்பெட்டியில் எழுதினால் பெயரையும் படைப்பிரிவையும் தருகிறேன்.